ஒத்துழையாமையால் வெள்ளைக்காரனுக்கு என்ன நஷ்டம்?

பாதிராத்திரி வாசகன்:
மகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், கோர்ட்டுக்குப் போகவில்லை, அந்நியத் துணியைக் கொளுத்தினார்கள் என்று வரிசையாகப் படித்துவிட்டு, “இதுல அவனுக்கு என்னப்பா நஷ்டம்?” என்கிறாள். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவனிடம் கோபித்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ன ஆகிவிடும்?

குறுக்குக்கேள்வி:
பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. 1920ல் கோர்ட்டை விட்ட வக்கீல்களில் பலர் பிறகு கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். 1922ல் சௌரி சௌராவில் போலீஸ்காரர்கள் எரிக்கப்பட்டதும் காந்தியே நிறுத்திவிட்டார். ஒரு பிடி உப்பு அள்ளியதால் கஜானா காலியாகிவிட்டதா என்ன?

உப்பளத்துக்காரன்:
உப்பை எடை போட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லைதான். நான் வேதாரண்யம் பக்கம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு அள்ளப் புறப்பட்டார். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் என்ன செய்தார் தெரியுமா? இவர்களுக்குச் சோறு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ ஜெயில் என்று உத்தரவு போட்டார். அங்கேதான் சறுக்கினார். அதுவரை திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கக்கூடிய ஆளும், சோறு போடுவதா வேண்டாமா என்று முடிவெடுத்தாக வேண்டியதாகிவிட்டது. நம் பக்கத்தில், வழிநடையாக வந்தவனுக்குச் சோறு போடாதே என்று ஒரு அதிகாரி சொல்வதாவது! சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். காவேரிக் கரையில் அண்டாவோடு சோற்றைப் புதைத்து வைத்துவிட்டு, எந்த இடம் என்று ஜாடை காட்டினார்களாம். மரத்தில் தொங்கும் பொட்டலத்துக்கு யாரைக் கைது செய்வது?

அப்புறம் வைரப்பன் கதை. வேதாரண்யத்தில் நாவிதர். சவரம் செய்துகொண்டிருந்தபோது, எதிரே இருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியை வைத்துவிட்டார். கோர்ட்டில், மீதியை முடிக்கச் சொன்ன மாஜிஸ்திரேட்டிடமே பெட்டியை நீட்டி, “நீங்களே செய்துவிடுங்கள்” என்றாராம். கிடைத்தது ஜெயில். ஊரில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது.

குறுக்குக்கேள்வி சார், துப்பாக்கி பிடித்த கைக்கும் சோறு வேண்டும், துவைத்த சட்டை வேண்டும். கலெக்டரா வந்து துவைப்பார்? வக்கீல் திரும்பிப் போனார் என்பது நிஜம்தான். ஆனால் அவரை வைத்து மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

முத்துக்குளித்துறை:
இதற்கு 22 வருஷம் முன்பே எங்கள் தூத்துக்குடியில் நடந்துவிட்டது அண்ணாச்சி. 1908ல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்ற கோரல் மில் வேலைநிறுத்தம். அந்தச் சமயத்தில் வெள்ளைக்காரர்களுக்கு வேலை செய்ய ஆள் வரவில்லை. தொழிலாளிகளுக்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலுக்குப் பாதிச் சவரத்தோடு நாவிதர் எழுந்து போய்விட்டார். முடிவில் மில்காரர்கள் இறங்கிவந்து கூலியை உயர்த்தினார்கள்.

குறுக்குக்கேள்வி:
சரி, மில் இறங்கிவந்தது. ஆட்சி?

உப்பளத்துக்காரன்:
1928ல் குஜராத்தின் பர்தோலியைப் பாருங்கள். நிலவரியை 22 சதவீதம் ஏற்றினார்கள். வல்லபாய் பட்டேல் தலைமையில் விவசாயிகள் கட்ட மறுத்தார்கள். ஜப்தி செய்ய எருமை கிடைக்காதபடி, மாட்டை வீட்டுக்குள் ஓட்டிக் கதவைப் பூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கிடந்தார்கள். கிராம அதிகாரிகள் பலர் ராஜினாமா. கடைசியில் சர்க்கார் போட்ட விசாரணையே, 6 சதவீதத்துக்கு மேல் நியாயமில்லை என்றது. ஏற்றினவனே இறக்கினான். எருமையோடு ஒரே அறையில் வாழ்ந்து பார்த்தவனுக்குத்தான் அதன் விலை தெரியும்.

பாதிராத்திரி வாசகன்:
மகளுக்கு அப்படியே படித்துக் காட்டினேன். எருமைக்குச் சிரித்தாள். இப்போது வேறு கேள்வி: “அந்தப் போலீஸ்காரருக்கு மீதிச் சவரம் யாருப்பா பண்ணாங்க?”