நனைந்த போனை அரிசியில் போட்டேன்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

தையல்கடை, மதுரை

போன தீபாவளிக்கு 9 நாள் இருக்கும்போது நடந்தது. ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

லைனிங் துணி வாங்கிக்கொண்டு வண்டியில் திரும்பும்போது கோரிப்பாளையம் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. துணியை சீட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்துவிட்டேன். போன் முன்பக்கப் பெட்டியில் கிடந்தது. வீட்டுக்கு வந்து எடுத்தால் பவுச்சுக்குள் தண்ணீர். ஆனால் போன் வேலை செய்தது. அதை நம்பித்தான் ஏமாந்தேன். துடைத்தேன், ஒருமுறை அணைத்துப் போட்டேன், எல்லாம் சரியாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அரிசி டப்பாவில் புதைத்து, ராத்திரி எடுத்து சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் எத்தனை தடவை அமுக்கியும் உயிர் வரவில்லை.

அதில் 40 பேருக்கு மேல் ப்ளவுஸ் அளவு இருந்தது. அளவு ப்ளவுஸைத் தரையில் விரித்து, டேப் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு ப்ளவுஸை அப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவேன். நம்பர்களும் அதே போனில். யாரையும் கூப்பிட்டுக் கேட்க முடியவில்லை. ஒரு அக்காவுக்கு ஞாபகத்தை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். கை ஏறவில்லை. திட்டவில்லை, திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் வரவே இல்லை.

சர்வீஸ் கடையில் போனைத் திறந்து லென்ஸ் விளக்குக்கு அடியில் காட்டினார்கள். சார்ஜ் பின் பக்கத்தில் பச்சையாக இருந்தது. தேய்க்காத செப்புக் குடத்தில் களிம்பு பிடிக்குமே, அதே பச்சை. "தண்ணி மட்டும்னா தப்பிச்சிருக்கும்மா. அதோட கரண்ட்டையும் கொடுத்தீங்க பாருங்க, அதுதான் தின்னுடுச்சு" என்றார் அந்தத் தம்பி. ராத்திரி நான் பிளக்கைச் செருகிய அந்த நிமிடம்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

கிணற்றடி

அரிசியைக் குறை சொல்லாதீர்கள். 2019இல் என் போன் துவைக்கிற வாளியில் விழுந்தது. மூன்று நாள் புழுங்கலரிசிக்குள் வைத்தேன், தொடவே இல்லை. நாலாம் நாள் அம்மா எடுத்து என் கையில் கொடுத்தபோது அதுவாக அலாரம் அடித்தது. ஆஃப் செய்யாமலே போட்டிருக்கிறேன்! அந்தப் போனில்தான் இதை எழுதுகிறேன். உங்கள் விஷயத்தில் தப்பு சார்ஜ் போட்டது, அரிசி இல்லை.

சர்வீஸ் டேபிள்

11 வருடமாக ரிப்பேர் வேலை. சென்னை ரிச்சி தெருவில் கற்றுக்கொண்டேன், இப்போது சொந்த ஊரில் சின்ன கடை.

ஒரு சின்ன அனுபவம் சொல்கிறேன். ஒரு கல்லூரிப் பையன் கொண்டுவந்த போனில் ஹெட்போன் ஓட்டைக்குள் ஒரு அரிசி மாட்டி, ஈரத்தில் ஊறிப் பெருத்திருந்தது. அதை உடைத்து உடைத்து எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. "சார், இது சரியாயிடுமா, நாளைக்கு இன்டர்வியூ" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சரியாகவில்லை.

கிணற்றடி நண்பருக்கு: உங்கள் போனைக் காப்பாற்றியது அரிசி இல்லை, நீங்கள் மூன்று நாள் தொடாமல் இருந்தது. மேசைமேல் வைத்திருந்தாலும் காய்ந்திருக்கும். மூடிய டப்பாவை விடக் காற்று படும் இடம்தான் நல்லது. ஆப்பிள் கம்பெனியே 2024 ஜனவரியில் அவர்கள் உதவிப் பக்கத்தில் அரிசியில் போடாதீர்கள், துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று எழுதிவிட்டார்கள். நாங்கள் திறந்து பார்க்கும்போது அரிசித் தூள் உள்ளே சர்க்யூட் போர்டில் மாவு மாதிரி ஒட்டியிருக்கும்.

நனைந்தால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் ஆஃப் செய்யுங்கள். வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்கவே கூடாது. ஈரத்தில் கரண்ட் ஓடும்போதுதான் செம்பு அரிக்கிறது, கரண்ட் இல்லாவிட்டால் அது ரொம்ப மெதுவாக நடக்கும். பவுச்சைக் கழற்றுங்கள், சிம் ட்ரேயை வெளியே எடுங்கள். சார்ஜ் ஓட்டை கீழே பார்க்கிற மாதிரி பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். வேகமாக உதறினால் தண்ணீர் இன்னும் உள்ளே போகும். ஹேர் டிரையர் வேண்டாம், சூட்டில் பசை இளகும். ஃபேன் காற்று போதும். முக்கியமான விவரம் உள்ளே இருந்தால் காயட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே கடைக்குப் போங்கள். போர்டை எடுத்து ஐசோபுரோபைல் ஆல்கஹால் வைத்துக் கழுவுவோம். முதல் நாள் வந்தால் பெரும்பாலும் பிழைக்கும். ஒரு வாரம் கழித்து வந்தால் உறுதி சொல்ல முடியாது.

இன்னொன்று. ஐபி67, ஐபி68 என்று தண்ணீர் தாங்கும் அளவைப் பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து நிறையப் பேர் அருவியில் குளிக்கக் கொண்டுபோகிறார்கள். ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம், அதுவும் அசையாத நல்ல தண்ணீரில், புதுப் போனுக்கு. ஓரத்தில் உள்ள பசை வருடம் போகப் போகத் தளரும். ஒருமுறை டிஸ்ப்ளே மாற்றினால் பழைய அடைப்பு அப்படியே இருக்காது. உள்ளே தண்ணீர் பட்டால் சிவப்பாக மாறும் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது, அதைப் பார்த்தால் வாரன்ட்டி கிடையாது என்று சொல்லிவிடுவார்கள்.

நாகை கடலோரம்

நீங்கள் சொன்னதெல்லாம் மழைத் தண்ணீருக்கு. கடல் தண்ணீர் வேறு. உப்பு காய்ந்தாலும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும், அடுத்த ஈரத்தில் மறுபடி அரிக்க ஆரம்பிக்கும். தண்ணீர் தாங்கும் போனாக இருந்தால் உடனே நல்ல தண்ணீரில் அலசித் துடைக்க வேண்டும். சாதாரண போனாக இருந்தால் அலசாமல், ஆஃப் செய்து அன்றைக்கே கடைக்கு.

ஆனால் என் போனைக் கெடுத்தது கடல் இல்லை. படகில் எல்லோரும் பிளாஸ்டிக் கவரில் போனைப் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றித்தான் வைப்போம். ஒரு சித்திரை மாதம், உச்சி வெயில். கவரோடு பலகைமேல் கிடந்த போன் அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. சூடு தணியும்வரை வேலை செய்யாது என்று எழுத்து மட்டும் திரையில் வந்தது. கரைக்குப் பேச வேண்டிய அவசரம், இன்னொரு படகுக்கு இன்ஜின் நின்றுபோயிருந்தது. நான் போனை எடுத்து மீனுக்கு வைத்திருந்த ஐஸ்மேல் வைத்துவிட்டேன்.

இரண்டு நிமிடத்தில் குளிர்ந்தது, பேசவும் முடிந்தது. அப்புறம் பார்த்தால் கேமரா கண்ணாடிக்கு உள்பக்கம் பனி கட்டியிருந்தது. சொம்பில் ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெளியே வியர்க்குமே, அது போனுக்கு உள்ளே நடந்திருக்கிறது. பத்து நாளில் கேமரா போனது, அடுத்து ஸ்பீக்கர். சூடான போனை ஃபிரிட்ஜில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். வேண்டாம். நிழலில் வைத்து, கவரைக் கழற்றிக் காற்றுப் பட விடுங்கள்.

திருவாரூர் பேத்தி

எங்கள் ஆத்தாவின் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டன் போன். அதை எப்போதும் சுருக்குப் பையில்தான் வைத்திருப்பார். வெற்றிலை, பாக்கு, சில்லறை, சாவி, கூடவே சுண்ணாம்பு டப்பா.

சித்தப்பா சிங்கப்பூரில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவார். ஒரு கட்டத்தில் ஆத்தா போனை எடுப்பதையே விட்டுவிட்டார். அடித்தால் "அப்புறம் பேசிக்கலாம்" என்பார், அல்லது எங்களிடம் நீட்டிவிடுவார். மகன்மேல் ஏதோ கோபம் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். சித்தப்பாவும் அப்படித்தான் நினைத்து வருத்தப்பட்டிருக்கிறார். மூன்று மாதம் இப்படியே போனது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தற்செயலாக அந்தப் போனில் பேசினேன். குடத்துக்குள் இருந்து பேசுகிற மாதிரி கேட்டது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் காது வைக்கும் இடத்துச் சின்னத் துளைகள் எல்லாம் வெள்ளையாக அடைத்துக் கல்லாகிக் கிடந்தன. சுண்ணாம்பு. காய்ந்த பழைய டூத் பிரஷை எடுத்து, போனைக் கவிழ்த்துப் பிடித்துத் தேய்த்தேன். ஒரு விரல் அளவு தூள் கொட்டியது. ஊசி போட்டுக் குத்தவில்லை. குத்தினால் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு கிழிந்துவிடும் என்று தெரியும்.

அங்கேயே சித்தப்பாவைக் கூப்பிட்டு ஆத்தாவின் காதில் வைத்தேன். "அம்மா" என்று அவர் சொன்னதும் ஆத்தா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார். திரும்பவும் வைத்தார். பேசி முடித்த பிறகுதான் சொன்னார், காது போய்விட்டது என்று நினைத்தாராம். சொன்னால் டாக்டர், மெஷின் என்று பிள்ளைகளுக்குச் செலவு வைத்துவிடுவோம் என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை. அந்த மூன்று மாதமும் அவர் அப்படித் தனியாக உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது.

வீட்டில் பெரியவர்கள் "சரியா கேக்கல" என்றால் முதலில் அவர்கள் போனை வாங்கி நீங்கள் பேசிப் பாருங்கள்.

இரண்டு சக்கரம்

சர்வீஸ் அண்ணா, நனைந்ததும் ஆஃப் செய்யுங்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள். உணவு டெலிவரி செய்கிற எங்களுக்கு ஆஃப் செய்தால் அன்றைய சம்பளம் போச்சு. மழையில்தான் ஆர்டரே அதிகம். அதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

எனக்கு நடந்தது அதிர்வால். ஒன்றரை வருடம் ஹேண்டில்பாரில் ஹோல்டர் மாட்டி ஓட்டினேன். ஒருநாள் வீட்டு வாசலில் பார்சலை வைத்துவிட்டு போட்டோ எடுக்கப் போனால், கேமரா உள்ளே கிர்ர் என்று சத்தம், படம் நடுங்குகிறது. நாலு தடவை எடுத்தேன், நாலும் கலங்கல். பார்சல் வரவில்லை என்று அந்த வீட்டிலிருந்து புகார். காட்ட என்னிடம் தெளிவான படம் இல்லை. காசு என் கணக்கில் பிடித்தார்கள். மோட்டார் சைக்கிள் இன்ஜின் அதிர்வு கேமராவின் ஆட்டம் தடுக்கும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் 2021இலேயே எச்சரித்திருக்கிறது. என் போன் வேறு கம்பெனி, ஆனால் அதிலும் அதே மாதிரி பாகம்தான். இப்போது சட்டைப் பையில் வைத்து, ஒரு காதில் மட்டும் வழி கேட்டுக்கொண்டு ஓட்டுகிறேன்.

சர்வீஸ் டேபிள்

தம்பி, நீங்கள் கேட்டது நியாயம். ஆஃப் செய்ய முடியாது என்றால் நனையவிடாமல் இருப்பதுதான் வழி. ஜிப் வைத்த கவரில் போட்டு மழைக்கோட்டுக்கு உள்ளே வையுங்கள். பவர் பேங்க் வயரை மழையில் மட்டும் மாட்டாதீர்கள்.

நாலாம் வகுப்பு டீச்சர்

2020இல் ஆன்லைன் வகுப்புக்காக ஒரு பழைய போனை ஸ்டாண்டில் நிறுத்தி, காலையிலிருந்து மாலை வரை சார்ஜரோடேயே வைத்திருந்தேன். பல மாதம் அப்படியே ஓடியது. ஒருநாள் என் மகன், 8 வயது, அந்தப் போனை மடியில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கிக்கொண்டிருந்தான். "அம்மா, இது பூரி மாதிரி உப்புது" என்றான். பின்மூடி ஒரு பக்கம் திறந்து, உள்ளே பேட்டரி தலையணை மாதிரி வீங்கி நின்றது. அதைத்தான் சமமாக்கப் பார்த்திருக்கிறான்.

கையிலிருந்து பிடுங்கவும் பயம். மெதுவாக வாங்கி மாடியில் வெறும் சிமெண்ட் தரையில் வைத்துவிட்டு வந்தேன். வீங்கிய பேட்டரிக்குள் இருப்பது எரியக்கூடிய வாயு, அமுக்கினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கும் என்று பிறகு படித்தபோது கை நடுங்கியது.

லித்தியம் பேட்டரிக்கு ஆகாதவை இரண்டு: சூடு, சார்ஜ் எப்போதும் 100 சதவீதத்திலேயே நிற்பது. 20க்கும் 80க்கும் நடுவில் வைத்துக்கொண்டால் நீண்ட நாள் வரும். பல போன்களில் 80இல் நிறுத்திக்கொள்ளும் வசதி செட்டிங்ஸிலேயே இருக்கிறது. தலையணைக்கு அடியில் சார்ஜ் போடாதீர்கள். தடித்த பவுச் இருந்தால் சார்ஜ் ஏறும்போது கழற்றுங்கள். கேஸ் அடுப்புப் பக்கத்தில் பாட்டுக் கேட்க வைக்காதீர்கள். ரப்பர் பேண்ட் போட்டு மூடியை இறுக்கி இன்னும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து இன்றைக்கே நிறுத்துங்கள். குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது, மின்கழிவு வாங்குகிற இடத்தில் கொடுங்கள்.

தையல்கடை, மதுரை

எல்லோருக்கும் நன்றி. ஆத்தா கதையைப் படித்துவிட்டு என் மாமியார் போனை வாங்கிப் பார்த்தேன், அதில் குங்குமம் அடைத்திருந்தது.

போர்டைக் கழுவலாம் என்று சர்வீஸ் டேபிள் எழுதியதால், டிராயரில் கிடந்த பழைய போனை வேறொரு கடையில் கொடுத்துப் பார்த்தேன். இத்தனை நாள் ஆகிவிட்டதால் உறுதி இல்லை என்றுதான் வாங்கிக்கொண்டார்கள். நேற்று கூப்பிட்டார்கள். ஒன்றிரண்டு பாகம் மாற்றியதில் உயிர் வந்திருக்கிறது. சிறிது நேரம்தான் நின்றதாம், அதற்குள் போட்டோக்களையும் நம்பர்களையும் பென் டிரைவில் இறக்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் அந்த அக்காவின் போட்டோவைத்தான் தேடினேன். கைச்சுற்று 11.5 இன்ச். நான் 10.5 என்று வெட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்று புதிதாகத் தைத்துவிட்டு அவரைக் கூப்பிடுகிறேன், நம்பர் கிடைத்துவிட்டது.