இரண்டு ஏக்கர் தேயிலை, உர மூட்டை ஒன்பதாயிரம்: போட்டால் கட்டுமா?

ஹாலிஎலப் பையன் கேட்டது:

வணக்கம். இலங்கையில் பதுளைக்குக் கிட்ட, ஹாலி-எலப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. எல்லாம் வீ.பி. (தண்டு வெட்டி வளர்த்து நட்ட செடி), பெரும்பாலும் டீ.ஆர்.ஐ. 2025 என்ற ரகம். அப்பா போன வருடம் காலமானார். கொழும்பில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான் இப்போதுதான் வந்து தோட்டத்தைக் கையில் எடுத்திருக்கிறேன்.

அப்பா கொழுந்துச் சிட்டைகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். 2020இல் மாதம் 700, 750 கிலோ பச்சைக் கொழுந்து ஃபெக்டரிக்குக் கொடுத்திருக்கிறார். இப்போது 400 தொட்டால் பெரிது. 2021 நடுவில் பசளை கிடைக்காமல் போயிருக்கிறது. 2022இல் யாரோ ஒருவரிடம் 32,000 ரூபா கொடுத்து ஒரே ஒரு மூட்டை யூரியா வாங்கியிருக்கிறார். சிட்டையின் பின்பக்கம் அந்தத் தொகையை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார். அதற்குப் பிறகு உரக் கணக்கே இல்லை.

இப்போது கடையில் மூட்டை 9,000 சொல்கிறார்கள். கொழுந்துக்குக் கிலோ 200 அளவில் கிடைக்கிறது. ஃபெக்டரியில் உரத்தைக் கடனாகத் தந்து, கொழுந்துக் காசில் மாதாமாதம் வெட்டிக்கொள்வார்களாம். பக்கத்துத் தோட்டக்காரரோ, "உரத்துக்கு ஏன் கொட்டுகிறாய், மாட்டெரு போட்டு வருகிறதை எடு" என்கிறார். நான் நான்கு மூட்டை யூரியா வாங்கி ஒரேயடியாகப் போட்டால் பழைய 700 கிலோ திரும்பி வருமா?

பழைய கண்டக்டர் எழுதியது:

தம்பி, ஊவாப் பக்கத் தோட்டமொன்றில் 36 வருடம் கண்டக்டராக வெளிக்கள மேற்பார்வை பார்த்தவன் நான். 2022 கடைசியில்தான் ஓய்வு. அந்த பிஸ்கட் டின்னைப் பத்திரமாக வைத்துக்கொள். உன் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

நான்கு மூட்டையை ஒரேயடியாகப் போடாதே. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணம் பிறகு.

கணக்குப் பிள்ளை நீ, ஆகவே கணக்காகவே பார்ப்போம். நூறு கிலோ பச்சைக் கொழுந்து ஃபெக்டரியில் 21, 22 கிலோ தேயிலைத் தூளாகும். அந்தத் தூளில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கு நைட்ரஜன். மாதம் 400 கிலோ என்றால் வருடத்துக்கு 4,800 கிலோ கொழுந்து. அதோடு நாற்பது கிலோவுக்கு மேல் நைட்ரஜன் உன் மண்ணைவிட்டு லொறியில் ஏறிப் போகிறது. ஐம்பது கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைட்ரஜன். ஆக, போனதைத் திருப்பி வைக்கவே இரண்டு மூட்டை வேண்டும். ஆனால் போடுகிறதெல்லாம் வேருக்குப் போவதில்லை. மழை அடித்துக்கொண்டு போகும், வெயிலில் ஆவியாகும். பாதி சேர்ந்தால் நல்ல வேலை. அப்படியென்றால் நான்கு மூட்டை. நீ சொன்ன அந்த நான்கு மூட்டை, இன்றைக்கு எடுக்கிற 400 கிலோவில் நிற்பதற்கான கூலிதான். 700க்குப் போனால் ஆறு, ஏழு மூட்டை கேட்கும். கொழுந்து கூடக் கூட உரத் தேவையும் கூடும்.

இதையே நாட்டுக்குப் பெருக்கிப் பார். 2021இல் இலங்கையில் 299 மில்லியன் கிலோ தேயிலை. அதற்குள் இருந்த நைட்ரஜன் மட்டும் 12,000 தொன் அளவில். யூரியாவாகப் பார்த்தால் 26,000 தொன். அதில் பெரும்பகுதி கப்பலேறி ரஷ்யாவுக்கும் ஈராக்குக்கும் துருக்கிக்கும் போய், யாரோ குடித்தும் முடித்தாயிற்று. திரும்பி வர வேண்டுமானால் இன்னொரு கப்பலில் யூரியாவாகத்தான் வர வேண்டும். யூரியாவும் பொட்டாஷும் முழுக்க இறக்குமதி. நம் மண்ணில் கிடைப்பது எப்பாவல பொஸ்பேட் ஒன்றுதான். அது தண்ணீரில் லேசில் கரையாது. தேயிலை மண் புளிப்பு மண் என்பதால் இங்கே மெல்லக் கரைந்து பயன்படும். நெல்லுக்கு அது உதவாது.

இந்த நிலையில்தான் 2021 மே 6ஆம் திகதி அரசாங்கத்தின் வர்த்தமானி அறிவித்தல் வந்தது. இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. பத்து வருடத்தில் படிப்படியாகச் சேதனப் பசளைக்கு, அதாவது இயற்கை உரத்துக்கு, மாறுவோம் என்று தேர்தலில் சொன்னவர்கள், ஒரே இரவில் கதவைச் சாத்தினார்கள். 2020இல் பசளை இறக்குமதிக்குப் போனது 26 கோடி டாலர் அளவில். அந்த வருடம் தேயிலை கொண்டுவந்தது 120 கோடி டாலருக்கு மேல். சிறியதை மிச்சம் பிடிக்கப் பெரியதில் கை வைத்தார்கள்.

அந்தத் தடையில் வெளியில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் உண்டு. 2021இல் விளைச்சல் விழவே இல்லை. முந்தைய வருடம் 278 மில்லியன், அந்த வருடம் 299. வருட முற்பாதியில் நல்ல மழை. எங்கள் ஸ்டோரில் புரட்டாதி வரைக்கும் பழைய உரம் இருந்தது. செடியும் தன் வேரிலும் கட்டையிலும் சேர்த்து வைத்ததை எடுத்துக் கொழுந்தாக்கிக் கொடுத்தது. பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னவர்கள் இருந்தார்கள். நான் மலையில் நின்றவன், எனக்குத் தெரிந்தது. 2022 தை மாதமே நுனி மொட்டு விரியாமல் தூங்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு இலை வந்ததும் நின்றுவிடும். மூன்றாவது இலை வராது. கொழுந்து எடுக்க ஏழு நாளில் சுற்றி வந்த மலைக்குப் பத்து, பன்னிரண்டு நாள் ஆனது. அந்த வருடம் நாட்டின் மொத்தம் 251 மில்லியன். பசி எடுத்தது 2021இல், செடி விழுந்தது 2022இல். உன் அப்பாவின் சிட்டைகளை மாத வாரியாக அடுக்கிப் பார், இதே படம் தெரியும்.

2021 நவம்பரில் தடையை எடுத்துவிட்டார்கள். எடுத்து என்ன? 2020இல் உலகச் சந்தையில் தொன் 230 டாலருக்கு நின்ற யூரியா, உக்ரேன் யுத்தத்துக்குப் பிறகு 2022 சித்திரையில் 900 டாலரைத் தாண்டியது. இங்கே டாலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனது. கப்பல் கூலி, கடைக்காரன் இலாபம் எதுவும் சேர்க்காமல் 2,000 ரூபா சொச்சத்துக்கு வர வேண்டிய மூட்டை 16,000க்கு வந்தது. அதுவும் வங்கியில் டாலர் இருந்தால். அப்பா கொடுத்த 32,000 அந்தக் காலத்து விலைதான் தம்பி. அவரை ஏமாளி என்று நினைத்துவிடாதே.

மாட்டெரு விஷயம். எனக்கு அதில் பகை இல்லை. மண் பொலபொலப்பாக இருக்க, ஈரம் பிடிக்க, அது வேண்டும். ஆனால் நல்ல கொம்போஸ்டிலேயே நைட்ரஜன் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான். ஒரு மூட்டை யூரியாவின் இடத்துக்கு ஒன்றரைத் தொன் கொம்போஸ்ட். முப்பது மூட்டை. உன் நான்கு மூட்டைக்கு நூற்றிருபது. அதை ரோட்டில் இறக்கி, செங்குத்து மலையில் தலையில் சுமந்து ஏற்ற ஆள் எங்கே? அந்த வருடம் எங்கள் மலைக்கு வந்த கொம்போஸ்டைக் கொட்டியபோது பாதி மண், நடுவில் பொலித்தீன் துண்டு, ஒரு பிள்ளையின் செருப்பு.

இனி கட்டுமா என்ற கேள்வி. ஒரு மூட்டை யூரியாவுக்கு, சரியாகப் போட்டால், 400 கிலோவாவது கூடுதல் கொழுந்து வரும் என்று நான் வைத்துக்கொள்வேன். கிலோ 200 என்றால் 80,000. கொழுந்து எடுக்கிற கூலியைக் கழி, 9,000 மூட்டை விலையைக் கழி. அப்போதும் மிச்சம். இவ்வளவு தெளிவான கணக்கு இருந்தும் சிறு தோட்டக்காரர் ஏன் போடுவதில்லை? காசு இன்றைக்கு, கொழுந்து மூன்று மாதம் கழித்து. அவ்வளவுதான். ஆகவே ஃபெக்டரிக் கடன் கெட்ட காரியம் இல்லை. ஆனால் மூட்டையை என்ன விலைக்கு எழுதுகிறார்கள் என்று கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

கோத்தகிரிக்காரன் எழுதியது:

எங்கள் தாத்தா, தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964ஆம் வருட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் மடுல்சீமையிலிருந்து நீலகிரிக்கு வந்தவர். எங்களுக்கும் ஒன்றரை ஏக்கர் தேயிலைதான். இங்கே கதை தலைகீழ். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் சொச்சம், மீதியை அரசாங்கம் மானியமாகக் கொடுக்கிறது. பொட்டாஷோ 2022இல் மூட்டை 1,700க்குப் போனது. என்ன ஆகும்? ஊரே யூரியாவாகக் கொட்டியது. கொழுந்து பச்சைப்பசேல் என்று வந்தது. அப்புறம் கவாத்து வெட்டியபோது எங்கள் மேல்காட்டில் வரிசை வரிசையாகக் கிளை காய்ந்தது, பல செடி துளிர்க்கவே இல்லை. மண்ணும் ஏகப்பட்ட புளிப்பு. தம்பி யூரியா மட்டும் வாங்கப் போகிறார் என்று படித்ததும் இதைச் சொல்லத் தோன்றியது. முதிர்ந்த இலையின் ஓரம் கருகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் செடி கேட்பது பொட்டாஷ்.

லயத்துப் பிள்ளை எழுதியது:

கணக்கெல்லாம் சரி. ஒன்று மட்டும் விட்டுப்போனது. என் அம்மா கொழுந்து எடுப்பவர். 2021இல்தான் நாள் சம்பளம் ஆயிரம் ரூபா ஆனது. எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பெயர், அதாவது முழு நாள் சம்பளம். உரம் இல்லாத 2022இல் காலை ஏழரைக்கு மலைக்குப் போய், பின்னேரம் நிறுக்கும்போது 11 கிலோ, 12 கிலோ. அரைப் பெயர்தான் விழும். அம்மாவின் கை ஒன்றும் மெதுவாகிவிடவில்லை. செடியில் இல்லை. அதைத் தராசுக்காரரிடம் எப்படிச் சொல்வது? ஏலத்தில் தேயிலை விலை ஏறியது என்று டீவியில் சொன்ன மாதங்களில்தான் எங்கள் வீட்டில் ரொட்டிக்குத் தேங்காய் போடுவதை நிறுத்தினோம்.

பழைய கண்டக்டர் எழுதியது:

மகளே, நீ சொல்வது உண்மை. அந்தச் சிட்டைகளில் அரைப் பெயர் எழுதிய கைகளில் என் கையும் ஒன்று. மேலதிகாரிகளிடம் சொல்லிப் பார்த்தோம், சில மலைகளுக்கு மட்டும் கிலோவைக் குறைத்தார்கள்.

ஏல விலையையும் சொன்னாய். 2021இல் சராசரி கிலோ 619 ரூபா, அடுத்த வருடம் 1,270 அளவில். டாலரில் பார்த்தால் தேயிலை வருமானம் 132 கோடியிலிருந்து 126 கோடிக்கு இறங்கியிருந்தது. ரூபா விழுந்ததுதான் பெரிய தொகையாகத் தெரிந்தது.

கோத்தகிரித் தம்பி சொன்னதைக் கேள், ஹாலி-எலத் தம்பி. தனி யூரியா வேண்டாம், தேயிலைக்கென்று வருகிற யூ 709 போன்ற கலவை வாங்கு. அதில் நைட்ரஜன் குறைவாக இருக்கும், ஆகவே மூட்டை கொஞ்சம் கூடும். போடுகிற விதம்: உன் இரண்டு ஏக்கரில் பத்தாயிரம் செடி என்று வைத்துக்கொள். ஒரு மூட்டையைப் பரப்பினால் செடிக்கு ஐந்து கிராம், ஒரு தேக்கரண்டி. அவ்வளவுதான் ஒரு தடவைக்கு. அடிக்கட்டையில் குவிக்காமல் நிரைக்கு நடுவில் வீசி விதைக்கிற மாதிரி போட வேண்டும். முதலில் புல்லை எடு, இல்லாவிட்டால் 9,000 ரூபாப் புல் வளர்ப்பாய். மண்ணில் ஈரம் இருக்கும் நாளாகப் பார். கொட்டுகிற மழையில் வேண்டாம், கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கிற ஆடி, ஆவணியில் வேண்டவே வேண்டாம். போட்ட மறுநாள் மலைக்குள் போகும்போது மூக்கில் காரமாக ஒரு வாடை ஏறினால், உன் காசு காற்றில் போகிறது என்று அர்த்தம். ஐப்பசி மழைக்கு ஒன்று, அப்புறம் பங்குனி, சித்திரை மழைக்கு அடுத்தது என்று பிரித்துக்கொள். மூன்று வருடம் பட்டினி கிடந்த செடிக்குத் தீனிவேரே குறைவாக இருக்கும். ஒரேயடியாகப் போட்டால் எடுக்க ஆளில்லாத விருந்து.

700 இந்த வருடம் வராது. அடுத்த கவ்வாத்து முடிந்து செடி எழும்பினால் பேசலாம்.

ஹாலிஎலப் பையன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை இலைகளைப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் ஓடை ஓரத்தில் பரவாயில்லை, மேட்டில் முதிர்ந்த இலை ஓரமெல்லாம் கருகிக் கிடக்கிறது. சிட்டைகளையும் அடுக்கினேன். 2021 கார்த்திகை 690 கிலோ, 2022 வைகாசி 340. ஐயா, மண் பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும், எப்படி எடுக்க வேண்டும்?

பழைய கண்டக்டர் எழுதியது:

பசறையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பிராந்திய நிலையம் இருக்கிறது, உனக்குக் கிட்ட. மேடும் ஓடைப் பக்கமும் தனித்தனியாக எடு, கலக்காதே. ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு இடத்தில் மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு ஆறு அங்குல ஆழம் தோண்டி, ஒரு பக்கெட்டில் கலந்து, அதிலிருந்து அரைக் கிலோ. வெயிலில் போடாமல் நிழலில் காயவை. உரம் போடுவதற்கு முன்னாலேயே எடுத்துவிடு. கட்டிக்கொண்டு போகிற பை புதிதாக இருக்கட்டும். நிறையப் பேர் பழைய யூரியாப் பையில் மண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, நைட்ரஜன் நிறைய இருக்கிறது என்று சந்தோஷமாகத் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.