ரவுட்டரில் 1.1.1.1 போட்டும் பழைய டிஎன்எஸ்தான் காட்டுகிறது

கேள்வி:
ஃபைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ். டவுன்லோடு வேகத்தில் குறையில்லை. ஆனால் புதிதாக எந்தத் தளத்தைத் திறந்தாலும் இரண்டு மூன்று விநாடி வெள்ளைத் திரை, அப்புறம் மடமடவென்று வந்துவிடுகிறது. ரவுட்டரின் டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) பகுதியில் கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1, அடுத்ததாக கூகுளின் 8.8.8.8 போட்டாச்சு. சோதித்தால் இன்னும் இணைப்பு நிறுவனத்தின் சர்வர்தான் வருகிறது. எங்கே தப்பு?

பதில் 1:
ஐபிவி6-ஐ (இணைய முகவரியின் புதிய வகை) விட்டிருப்பீர்கள். நீங்கள் மாற்றியது பழைய வகையான ஐபிவி4 மட்டும். ஐபிவி6 வழியே நிறுவனத்தின் டிஎன்எஸ் கணினிக்கு வந்துகொண்டேதான் இருக்கும். அந்தப் பகுதியில் கிளவுட்ஃபிளேரின் 2606:4700:4700::1111, 2606:4700:4700::1001 போடுங்கள். ரவுட்டரில் அந்த இடம் பூட்டியிருந்தால் கணினியிலேயே மாற்றலாம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ் > நெட்வொர்க் > உங்கள் இணைப்பு. 'டிஎன்எஸ் சர்வர் அசைன்மென்ட்' எதிரே எடிட், மேனுவல். ஐபிவி4, ஐபிவி6 இரண்டு ஸ்விட்சும் ஆனில் இருக்கணும். முடித்ததும் டிஎன்எஸ் கேஷை (கணினி சேமித்து வைத்திருக்கும் பழைய பதில்கள்) காலி செய்யுங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் போர்ட் 53-ல் (சாதாரண டிஎன்எஸ் கேள்விகள் போகும் வழி) போகும் கேள்விகளை நிறுவனமே மடக்கி, தானே பதில் சொல்கிறது என்று சந்தேகிக்கலாம். அப்போது எந்த எண்ணைப் போட்டும் பயனில்லை. பிரவுசரில் கேள்விகளை மறையாக்கி அனுப்பும் 'செக்யூர் டிஎன்எஸ்' ஆன் செய்வதுதான் வழி.

பதில் 2:
1.1.1.1-ஐயும் 8.8.8.8-ஐயும் கலக்காதீங்க ஜி. இரண்டாவது எண் ஸ்டெப்னி டயர் இல்லை. பல ரவுட்டர்கள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கும். ஜோடியாகப் போடுங்கள்: 1.1.1.1 என்றால் 1.0.0.1, 8.8.8.8 என்றால் 8.8.4.4. தீங்கான தளங்களைத் தடுக்கும் குவாட்9 வேண்டுமென்றால் 9.9.9.9, 149.112.112.112. இதோடு கூகுளைச் சேர்த்தால் தடுப்பு ஓட்டைப் பானைதான்.

எது வேகம் என்று பிங் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். டிக் (dig) என்ற டிஎன்எஸ் சோதனைக் கட்டளையில் ஒவ்வொரு சர்வரிடமும் பத்துப் பதினைந்து வெவ்வேறு தளப் பெயர்களைக் கேட்டு 'குவெரி டைம்' (பதில் வர ஆன நேரம்) குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரை இரண்டாம் முறை கேட்டால் கேஷிலிருந்து வரும், அந்த எண்ணை நம்பக் கூடாது.

இன்னொன்று: உங்கள் ஐபி முகவரியின் ஒரு பகுதியை கூகுள் டிஎன்எஸ், நீங்கள் திறக்கும் தளத்தின் டிஎன்எஸ் சர்வருக்கு அனுப்பும், பக்கத்து வீடியோ சர்வர் கிடைக்க அது உதவும். கிளவுட்ஃபிளேர் தனியுரிமைக்காக அனுப்புவதில்லை. 1.1.1.1 போட்டபின் வீடியோ மட்டும் திணறினால் 8.8.8.8-க்கு மாறிப் பாருங்கள்.

பதில் 3:
மொபைலுக்கும் சேர்த்து: ஆண்ட்ராய்டு 9 முதல், டிஎன்எஸ் கேள்விகளை மறையாக்கி அனுப்பும் 'பிரைவேட் டிஎன்எஸ்' உண்டு. அதில் எண்ணைப் போட்டால் ஏற்காது, பெயர்தான் வேண்டும். கிளவுட்ஃபிளேருக்கு 'ஒன்' என்ற ஆங்கிலச் சொல்லை நான்கு முறை, நடுவில் புள்ளி வைத்து. இது போர்ட் 53-ல் போகாது. பொது இட வைஃபையில் லாகின் பக்கம் வராமல் அடம்பிடித்தால் தற்காலிகமாக 'ஆட்டோமேட்டிக்' வையுங்கள்.