எலாஸ்டிக் 7.14: கிளையன்ட்டுக்குப் பூட்டு போட்டது யாரு?

ஷார்டு சரவணன்:
பக்கத்துத் திரியில ஒரு மேதை, "எலாஸ்டிக்சர்ச் தேடல் மென்பொருளோட 7.14 பைத்தான் கிளையன்ட் (சர்வரோட பேசுற நிரல்), அதோட கிளையான ஓப்பன்சர்ச்சுல ஓடாததுக்குக் காரணமே அமேசான்தான்"னு அள்ளி விட்டிருக்கார். சோர்ஸைத் திறந்து பார்த்தீங்களா சாமி? கிளையன்ட் முதல் வேலையா சர்வருக்கு 'கெட் /' அனுப்பி, பதில்ல வர்ற ஹெடர், வெர்ஷன், டேக்லைன் (சர்வரோட அறிமுக வரி), பில்ட் ஃபிளேவரை (எந்த வகைப் பில்டுன்னு சொல்ற குறி) சோதிக்குது. பிடிக்கலேன்னா 'அன்சப்போர்ட்டட் ப்ராடக்ட்' எரர். பூட்டு போட்டது எலாஸ்டிக்சர்ச்சைத் தயாரிக்கற எலாஸ்டிக் கம்பெனி.

கிபானா குமார்:
போட்டா என்ன இப்போ? அவங்க கிளையன்ட், அவங்க இஷ்டம். 2015-லேயே எலாஸ்டிக்சர்ச்ங்கற அவங்க பேரையே வச்சு கிளவுட் சேவைக் கடை திறந்தது அமேசான். 2019-ல டிரேட்மார்க் வழக்கு வரைக்கும் போச்சு. 2021 ஜனவரியில, 7.11-ல இருந்து அப்பாச்சி லைசென்ஸ் (யாரும் எடுத்து மாத்தி விக்கலாம்ங்கற உரிமம்) கிடையாதுன்னு எலாஸ்டிக் சொன்னதும், ஏப்ரல்ல அமேசான் 7.10.2-ஐ ஃபோர்க் (தனிக்கிளை) பண்ணி ஓப்பன்சர்ச்னு பேர் வச்சாச்சு. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!

ஷார்டு சரவணன்:
எலாஸ்டிக்சர்ச்சுக்கு அடியில இருக்கற லூசின் தேடல் லைப்ரரி யாரு வீட்டு நெய்? அப்பாச்சி அறக்கட்டளையோடது. அதை விடுங்க. பூட்டு போட்டது யாரு?

மதுரை டெவ்ஆப்ஸ்:
முதல்ல ஓப்பன் சோர்ஸ்னா எதுன்னு பேசிடலாமே. எலாஸ்டிக் மாறின புது லைசென்ஸ்கள்ல ஒண்ணான எஸ்எஸ்பிஎல்லோட 13-ஆம் பிரிவுப்படி, சேவையா வித்தா மானிட்டரிங், பேக்கப் மென்பொருள் சோர்ஸ் வரைக்கும் கொடுக்கணும். ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்களை அங்கீகரிக்கற ஓஎஸ்ஐ அமைப்பு அதை ஏத்துக்கவே இல்ல.

கிபானா குமார்:
பாடம் அப்புறம் எடுங்க பாஸ். சரவணன், ரெடிஸ் டேட்டாபேஸ் திரியிலயும் அதோட ஃபோர்க்கான வால்கிக்குக் கொடி பிடிச்ச ஆள்தானே நீங்க?

ஷார்டு சரவணன்:
ஆமா, பிடிச்சேன். 2024 மார்ச்ல லைசென்ஸை மாத்தின ரெடிஸ், 2025 மே மாசம் ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸான ஏஜிபிஎல்லோட திரும்பி வரலையா? அந்தக் கடுப்பு இன்னும் அடங்கலையோ?
இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. டேக்லைன் சரியா இருந்தாலும் பில்ட் ஃபிளேவர் 'ஓஎஸ்எஸ்' (முழுக்க அப்பாச்சி லைசென்ஸ்ல வந்த பில்ட்) ஆனா 7.14 கிளையன்ட் துரத்திடும். அதாவது எலாஸ்டிக்கே வெளியிட்ட 7.10.2 ஓஎஸ்எஸ் பில்ட்! அமேசான் வாசனையே படாத சர்வர். இதுக்கும் அமேசான்தான் காரணமா?

கிபானா குமார்:
எலாஸ்டிக்கோட சொந்த லைசென்ஸ்ல வர்ற டிஃபால்ட் பில்டும் இலவசம்தானே. மாத்திக்க வேண்டியதுதான்.

மதுரை டெவ்ஆப்ஸ்:
ஓப்பன்சர்ச் பக்கம் 'ஓவர்ரைட் மெயின் ரெஸ்பான்ஸ் வெர்ஷன்' செட்டிங்கை ட்ரூ ஆக்கினா சரியாயிடாதா?

ஷார்டு சரவணன்:
ஆகாது தம்பி. அது வெர்ஷன் எண்ணை மட்டும் 7.10.2-னு காட்டும். ஓப்பன்சர்ச்சோட வெர்ஷனை 1.0-னு பார்த்து மிரள்ற பழைய லாக்ஸ்டாஷுக்கு (லாக் அனுப்பற கருவி) அது போதும். டேக்லைன் மாறாதே, 7.14 கிளையன்ட் அங்கேயே பிடிச்சிடும். ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல்ல (பைத்தான் பேக்கேஜ் பட்டியல்) கிளையன்ட் வெர்ஷனை '7-க்கு மேல, 8-க்குக் கீழ'ன்னு விட்டு வச்சிருந்தா, கோட்ல ஒரு வரி மாறாமலே அடுத்த பில்டுல மாட்டும். 7.13.4-ல பின் பண்ணுங்க (அந்த வெர்ஷன்லயே நிறுத்துங்க), இல்லேன்னா ஓப்பன்சர்ச்சோட சொந்த பைத்தான் கிளையன்ட்டான ஓப்பன்சர்ச்-பை-க்கு மாறுங்க. லாக் ஃபைல் சேகரிக்கற ஃபைல்பீட்னா ஓஎஸ்எஸ் 7.12.1-ஐத் தாண்டாதீங்க.
குமார் சார், பதில் இன்னும் வரலை. பூட்டு யாரோடது?

கிபானா குமார்:
பூட்டு, பூட்டு! திருடன் வந்தாத்தானே பூட்டு?

ஷார்டு சரவணன்:
அப்பாச்சி 2.0-ல கொடுத்ததை எடுத்தா திருட்டா? பேர் விஷயத்துல வழக்கு நியாயம், மறுக்கல. கோடு விஷயத்துல எந்த ஷரத்தை மீறினாங்க? ஷரத்தைக் காட்டுங்க.

கிபானா குமார்:
பேர் விஷயத்துல நியாயம்னு நீங்களே சொல்லியாச்சு. அது போதும் எனக்கு.

ஷார்டு சரவணன்:
கேட்டது பேரை இல்ல. 7.14-ஐ. மறுபடியும் கேக்கறேன்...