மைட்டோகாண்ட்ரியாவில் டிஜிடிஜி அளப்பது பற்றி உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியின் செல்களுக்குப் பாஸ்பேட்டை நிறுத்தினால், டிஜிடிஜி என்ற கேலக்டோலிப்பிட் (சர்க்கரை சேர்ந்த சவ்வுக் கொழுப்பு) கணிகத்தின் (பிளாஸ்டிட்) உறையிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய், குறைந்துபோன பாஸ்போலிப்பிட்டை (பாஸ்பேட் உள்ள சவ்வுக் கொழுப்பு) ஈடுகட்டும். இரண்டு உறுப்புகளும் ஒட்டி நிற்கும் இடங்கள் வழியாகத்தான் இந்தப் போக்குவரத்து. அதை அளக்கப் பார்க்கிறேன்.

அடர்த்தியை வைத்துப் பிரிக்கும் பெர்கால் கரைசல் அடுக்கில் மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்ததில் டிஜிடிஜி கிடைக்கிறது. ஆனால் நிஜமாகவே அங்கே போய்ச் சேர்ந்ததா, கணிக உறைத்துண்டு கலந்ததால் வந்ததா? இருட்டில் வளர்த்த செல்கள். பச்சையே இல்லாதபோது குளோரோபில்லை வைத்துக் கலப்பைப் பற்றி என்ன சொல்வது! எம்ஜிடிஜி என்ற இன்னொரு கேலக்டோலிப்பிட் கணிகத்தை விட்டு அப்படி நகராது என்பதால், கொழுப்புகளைப் பிரித்துக் காட்டும் டிஎல்சி தகட்டில் அதன் அளவைப் பார்த்துக் கலப்பைக் கணிக்கலாம் என்று நினைக்கிறேன். அது போதுமா, இல்லை உறைப் புரதத்துக்கு வெஸ்டர்ன் பிளாட்டும் (ஆன்டிபாடியால் புரதத்தைக் கண்டறியும் சோதனை) போடணுமா? பெர்கால் என்ன செறிவில் வைக்கிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.