பொண்ணை இறக்கி விடாம ஸ்கூல் பஸ் திருப்பி கூட்டிட்டு போயிடுச்சுங்க, ஏன்? (ஸ்காபரோ)

கோவைக்காரி:
வணக்கங்க. நாங்க கனடால டொராண்டோ பக்கம் ஸ்காபரோ வந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு, பொண்ணு எஸ்கே (சீனியர் கிண்டர்கார்டன், நம்ம ஊர் யூகேஜி மாதிரி) போறா, மஞ்ச பஸ் கெடச்சிருக்கு. நேத்து நானும் அவரும் வேலைல மாட்டிக்கிட்டோம், அத்தைதான் கூப்பிட போனாங்க. குளிருக்கு பயந்து அபார்ட்மெண்ட் கண்ணாடிக் கதவுக்கு உள்ளயே நின்னு கையை ஆட்டிருக்காங்க. பஸ் எதிர்ப்பக்கம் நின்னு கதவு தொறந்து பொண்ணு படில கால் வைக்கறா, டிரைவரம்மா அப்படி இப்படி பாத்துட்டு அவளை மறுபடி உள்ள உக்கார வச்சு வண்டிய எடுத்துட்டாங்களாம். அத்தை சேலையோட பின்னாடியே ஓடிருக்காங்க பாவம். அப்பறம் ஸ்கூல்ல இருந்து போன், வந்து கூட்டிட்டு போங்கன்னு. ஊர்ல வேன் அண்ணன் ஹார்ன் அடிச்சு, வாசல்ல யார் இருந்தாலும் பையோட கைல குடுத்துட்டு போவாரு. இங்க சொந்த பாட்டிகிட்ட விட என்னங்க கஷ்டம்?

ஸ்காபரோ அக்கா:
தங்கச்சி, டிரைவரில பிழை இல்லை. ஜேகே (ஜூனியர் கிண்டர்கார்டன்), எஸ்கே பிள்ளையளை ஆரும் பெரியாக்கள் ஸ்டொப்பில வந்து நிண்டாத்தான் இறக்குவினம், இல்லாட்டி திருப்பி பள்ளிக்கூடத்துக்குத்தான் கொண்டு போவினம். கண்ணாடிக்குப் பின்னால கை ஆட்டுறது ஆரெண்டு அவவுக்கு என்னெண்டு தெரியும்? நாளைக்கே பள்ளிக்கூட ஒபீசுக்கு போன் அடிச்சு மாமியின்ர பேரையும் குடுங்கோ. நானும் வந்த புதுசில அஞ்சு நிமிசம் பிந்திப் போய் ரெண்டு தரம் ஒபீஸ் வாசல்ல வெக்கப்பட்டு நிண்டனான். உங்களுக்கு பஸ் கிடைச்சதே பெரிய விசயம், ரொறன்ரோ பப்ளிக் ஸ்கூல் போர்டில அஞ்சாம் வகுப்பு வரைக்கும் 1.6 கிலோமீட்டருக்கு அங்கால வீடு இருந்தாத்தான் தருவினம்.

மஞ்சவண்டி:
நான் பக்கத்துல டர்ஹம் ஏரியால ஸ்கூல் பஸ்தான் ஓட்டறேன். பேர் குடுக்கறது சரி, ஆனா எனக்கு உங்க அத்தை நின்ன இடம்தான் உதைக்குது. பஸ் கதவு இருக்கற பக்கமே வந்து நிக்க சொல்லுங்க. எதிர்ப்பக்கம் நின்னு "வா கண்ணு"ன்னு கூப்பிட்டா குழந்தை எதையும் பாக்காம ஓடி வந்துடும், எங்களுக்கு அதுதான் அடிவயித்த கலக்கும். ரோட்டை தாண்டணும்னா பஸ்ஸுக்கு முன்னாடி பத்தடி தள்ளி, என் மூஞ்சி தெரியற தூரத்துல, நான் கை காட்டின பிறகுதான். கையுறை கீழ விழுந்தா குனிஞ்சு எடுக்கவே கூடாது, பம்பர்கிட்ட குனிஞ்ச பிள்ளை என் கண்ணுக்கு தெரியாது.

கோவைக்காரி:
ஐயோ, கையுறைய தினமும் கீழ போடறவங்க அவ. சரி இன்னொன்னு, அவரு கார் ஓட்ட ஆரம்பிச்சிருக்காரு, பஸ் மேல ஆரஞ்சு கலர் லைட் மின்னுனா நிக்கணுமா போயிடலாமா?

மஞ்சவண்டி:
2022 ஜூலை 1ல இருந்து நம்ம ஒன்டாரியோ மாகாணத்துல வந்தது அது. ஆரஞ்சு மின்னுனா பஸ் நிக்கப் போகுது, ஸ்லோ பண்ணி நிக்க ரெடியாகுங்கன்னு அர்த்தம், முந்திடலாம்னு அமுக்கறதுக்கு இல்ல. சிவப்பு மின்னி ஸ்டாப் போர்டு நீண்டா ரெண்டு பக்கமும் நிக்கணும், பின்னாடி வர்றவங்க 20 மீட்டர் தள்ளி. ரோட்டு நடுவுல மீடியன் (தடுப்பு) கட்டியிருந்தா மட்டும் எதிர்ல வர்றவங்க நிக்க வேண்டாம், வெறும் மஞ்ச கோடு மீடியன் ஆகாது. தாண்டுனா முதல் தடவையே 400ல இருந்து 2,000 டாலர் வரைக்கும் ஃபைன், கூடவே லைசென்ஸ்ல 6 டிமெரிட் பாயிண்ட் (தப்புக்கு ஏத்தற புள்ளி). வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்களுக்கும் டிக்கெட் வரும், அதனால உங்க காரை யார்கிட்டயாவது குடுத்தா சொல்லிக் குடுங்க.

ஸ்காபரோ அக்கா:
பனிக்காலம் வர முதல் இதையும் கேளுங்கோ தங்கச்சி, பஸ் கான்சல் எண்டா பள்ளிக்கூடம் பூட்டு எண்டு நினைச்சிடாதேங்கோ, அனேகமா திறந்துதான் இருக்கும். காலமை நீங்கள் கொண்டுபோய் விட்டா பின்னேரமும் நீங்கள்தான் போய்க் கூட்டோணும். பஸ் வரும் எண்டு ஒருக்கா நான் ஸ்னோவில முக்கால் மணித்தியாலம் நிண்டு காது விறைச்சுப் போச்சு.

கோவைக்காரி:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். பேர் குடுத்தாச்சு, இன்னிக்கு அத்தை பத்து நிமிஷம் முன்னாடியே ரோட்டை தாண்டிப் போய் மங்கி குல்லா, ஸ்வெட்டர் சகிதமா நின்னு பொண்ணை வாங்கிட்டாங்க. அதோட விட்டாங்களா, பின்னாடியே இறங்குன பக்கத்து வீட்டு எஸ்கே பையனையும் ஒரு கைல புடிச்சிருக்காங்க, டிரைவரம்மா நோ நோன்னு கத்த, அவங்க அம்மா ஓடி வர்ற வரைக்கும் பஸ் நகரவே இல்லயாம்.