கற்பனை ஊர், கற்பனைக் குடும்பம்: வகுப்பில் எது எடுபடுது, எது சொதப்புது?

தொடங்கியவர்: செவிலியர் கல்லூரி, சமுதாய நலப் பிரிவு

பி.எஸ்சி. நர்சிங் ஐந்தாம் செமஸ்டர் பிள்ளைகளை கம்யூனிட்டி போஸ்டிங்குக்கு (ஊருக்குள் போய்ச் செய்யும் களப் பயிற்சிக்கு) அனுப்பும் முன்னால், கற்பனையா ஒரு ஊரை உண்டாக்கி, அங்குள்ள குடும்பக் கதைகளை வைத்து வகுப்பு எடுக்கிறவங்க இங்கே நிறைய இருக்கீங்க. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி), பிசியோ வகுப்புகளிலும் இதே முறை நடக்குது. எத்தனை குடும்பம், எவ்வளவு விவரம், எங்கே உதைக்குதுன்னு விலாவாரியா எழுதுங்க. "மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்" வகை அறிக்கை வேண்டாம், அது கல்லூரித் தரமதிப்பீட்டுக்கான நாக் ஃபைலுக்கு.

கிராம சுகாதார செவிலியர் பயிற்சியாளர்

கதையைப் பிறகு எழுதலாம். முதலில் பதிவேடு. ஆறு வீடு, முப்பது பேருக்குள் வைங்க. அதைத் தாண்டினால் யார் யாருக்கு மருமகள் என்பதிலேயே வகுப்பு கரைஞ்சிடும். எக்செல்லில் ஆளுக்கு ஒரு வரி: பெயர், பிறந்த தேதி, உறவுமுறை, தொழில், மாத வருமானம், துணை சுகாதார நிலையம் எத்தனை கிலோமீட்டர், பஸ் எப்போ வரும். வருமானத்தை ரூபாயில் எழுதுங்க. "ஏழைக் குடும்பம்" என்று எழுதிட்டா பி.ஜி.பிரசாத் அளவுகோல் (வருமானத்தை வைத்துக் குடும்பத்தின் பொருளாதார நிலையை வகைப்படுத்துவது) போட்டுப் பார்க்கிற வேலையை மாணவர் கையிலிருந்து பிடுங்கிட்டீங்க.

வயதை எழுதவே கூடாது, பிறந்த தேதிதான். ஏன்னு ஒரு உதாரணம். குழந்தை 2025 மார்ச் 4 பிறந்தது. பிறந்தப்போ போட வேண்டியது எல்லாம் போட்டாச்சு. ஏப்ரல் 16 புதன்கிழமை ஆறாவது வாரத் தடுப்பூசி. அப்புறம் அம்மா பிறந்த வீட்டுக்குப் போயிட்டு, ஜூன் 18 புதன்கிழமைதான் திரும்ப வர்றாங்க. அன்னிக்குப் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி, மூணு டோஸ்) என்ன செய்யணும்? குழந்தைக்குப் பதினைந்து வாரம் ஆயிடுச்சு, அதனால் பத்தாவது வார டோஸ், பதினாலாவது வார டோஸ் ரெண்டையும் ஒண்ணா முடிச்சிடலாம்னு வகுப்பில் ஒரு குரலாவது வரும். அன்னிக்கு இரண்டாவது டோஸ் மட்டும்தான். மூன்றாவதுக்கு நாலு வாரம் காத்திருந்து ஜூலை 16. "மூணு மாதக் குழந்தை" என்று மொட்டையா எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

அடுத்த பேட்ச்சுக்கு எல்லாத் தேதியையும் 364 நாள் தள்ளுங்க, 365 இல்லை. 364 சரியா 52 வாரம், அதனால் தடுப்பூசி புதன்கிழமை புதன்கிழமையாகவே நிற்கும். தெரியாம 365 போட்டா ஊரே வியாழக்கிழமை ஊசி போட்டுக்கும், அதைக் கண்டுபிடிக்க ஒரு பிள்ளை கண்டிப்பா இருக்கும்.

மருத்துவ சமூகப்பணி, களப்பணி மேற்பார்வை

மேலே சொன்னது சரி. அதுக்கு மேல ஒண்ணு: பதிவேட்டை முழுசா மாணவர் கையில் கொடுக்கக் கூடாது. குடும்பத்துக்கு நாலு தாள் பிரிச்சுக்குங்க. முதல் தாளில் செவிலியர் ரெஜிஸ்டரில் இருப்பது மட்டும். இரண்டாவதில் முதல் வீட்டுச் சந்திப்பு. மூன்றாவது இரண்டு வாரம் கழிச்சு. நாலாவதில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று. ஒவ்வொன்றும் ஏ4 ஒரு பக்கத்துக்குள். அடுத்த தாளைத் தருவதற்கு முன்னால் "இன்னும் நமக்குத் தெரியாதது என்ன?" என்று மூணு வரி எழுதி வாங்கணும். மதிப்பெண் அந்த மூணு வரிக்குத்தான்.

எழுதும்போது பெரிய வியாதி, தீர்ப்பு கதைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதுதான். "குடிகாரக் கணவன், அப்பாவி மனைவி, பொல்லாத மாமியார்" என்று எழுதிட்டா மாணவர் செய்ய என்ன மிச்சம்? கண்ணுக்குத் தெரிவது, காதில் விழுவது மட்டும் எழுதுங்க. கர்ப்பிணி வீட்டுக்கான இரண்டாம் தாள் இப்படி இருக்கலாம்:

*அடுப்படி அலமாரியின் மேல்தட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில், இரும்புச்சத்து மாத்திரை இரண்டு அட்டை, பிரிக்காமல். மருமகளின் கைக்கு அந்தத் தட்டு எட்டாது. மாமியார்: "அவ நல்லாத்தாம்மா இருக்கா. அதப் போட்டா பிள்ள பெருசாயிரும், ஆபரேசன்ல கொண்டு விடும்னாங்க." மருமகள்: "வெளிக்கி கருப்பாப் போகுது." மாமியார் டீ போட எழுந்து போனதும் மருமகள் வாசலைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த தடவ ஆஸ்பத்திரியிலயே பேசுவோமா" என்கிறாள்.*

முதல் தாளில் 24 வாரக் கர்ப்பம், ஹீமோகுளோபின் 8.6, அதாவது ரத்தசோகை. பெரும்பாலான பதில் "முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் சாப்பிட அறிவுரை கூறப்பட்டது" என்று வந்து நிற்கும். இல்லாட்டி நேரா அயர்ன் சுக்ரோஸ் டிரிப்பு (இரும்புச்சத்தை நரம்பு வழியா ஏத்துறது). அலமாரி உயரத்தையும் அந்தக் கடைசி வாக்கியத்தையும் பிடிச்சவங்கதான் குடும்பத்தைப் பார்த்தவங்க. மலம் கருப்பாகப் போவது மாத்திரையால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை என்பதை மாமியார் காதுபடச் சொல்லணுமா, தனியாச் சொல்லணுமா என்பதில் அரை மணி நேரம் விவாதம் ஓடும். ஓட விடுங்க.

அப்புறம் சாதி. ஒதுக்கிட்டு எழுதுறது சுலபம், ஆனா அப்படி ஒரு ஊர் கிடையாது. பேரைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கன்வாடி எந்தத் தெருவில் இருக்கு, எந்தத் தெருப் பிள்ளைகள் அங்கே வர்றதில்லை, மேல்நிலைத் தொட்டித் தண்ணி கடைசியா எந்தக் குழாய்க்கு வருதுன்னு வரைபடத்தில் போட்டு வைங்க. வருகைப் பதிவேட்டையும் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியணும்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்க கற்பனை ஊரில் எல்லாரும் வீட்டில் இருக்காங்க, கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்றாங்க. நிஜத்தில் காலை பதினொரு மணிக்குப் போனா பாதி வீடு பூட்டியிருக்கும், நூறு நாள் வேலைக்குப் போயிருப்பாங்க. ஆறு குடும்பத்தில் ஒண்ணுக்கு இரண்டாம் தாளில் "வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தெரியாது என்றார்" என்று ஒரே வரி போட்டுக் கொடுங்க. பிள்ளைங்க முழிப்பாங்க. அடுத்து எப்போ போகலாம், யாரைக் கேட்கலாம்னு யோசிக்கட்டும்.

ரெஜிஸ்டரில் எடை 46, அட்டையில் 41 என்று ஒரு முரணும் வைங்க. எது சரின்னு நீங்களும் சொல்லாதீங்க. திரும்ப எடை போடணும்னு அவங்க வாயிலிருந்து வரணும். இதையெல்லாம் செஞ்சாலும் போஸ்டிங் நாளைக் குறைக்கக் கூடாது, அது வேற இது வேற.

குழந்தைப் பாதுகாப்பு தொடர்பான பயிற்சி

பதினேழு வயதுக் கர்ப்பிணி கதை கிட்டத்தட்ட எல்லாத் தொகுப்பிலும் இருக்கும். விடைக்குறிப்பில் "ரகசியம் காக்க வேண்டும்" என்று மட்டும் இருந்தா அதைக் கிழிச்சுப் போடுங்க. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) 19ஆம் பிரிவுப்படி தகவல் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. கல்யாணம் ஆயிடுச்சு என்பது விலக்கு இல்லை. அதே சமயம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் குறிப்பிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ரெண்டையும் சேர்த்துச் சொல்லாம விட்டால், பிள்ளைங்க பயந்துபோய் அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிப் பக்கமே வர விடாத செவிலியரா ஆயிடுவாங்க.

இங்கேயும் பிறந்த தேதிதான் கை கொடுக்கும். முதல் தாளில் பிறந்த தேதி, இரண்டாவதில் "போன தையில் கல்யாணம்", மூன்றாவதில் கடைசி மாதவிடாய்த் தேதி. மூணையும் கோர்த்தால்தான் வயது வெளிவரணும். குழந்தைகள் உதவி எண் 1098ஐ யார் அழைப்பது, எந்தப் பதிவேட்டில் எப்படி எழுதுவது, அன்னிக்குச் சாயந்திரம் அந்தப் பெண் எங்கே தங்குவாள் என்பது வரைக்கும் கேளுங்க.

வகுப்பில் இருப்பவர்களிலும் சிலருக்கு வீட்டில் இதே நிலை இருக்கும். இந்த மாதிரிக் கதை வரப் போகுதுன்னு இரண்டு நாள் முன்னால் சொல்லிடுங்க, காரணம் கேட்காம வேற குடும்பத்தை மாத்திக்க விடுங்க. திடீர்னு நாலாம் தாளில் தற்கொலை முயற்சியைக் கொண்டு வருவது அதிர்ச்சி வைத்தியமாக இருக்கலாம், பாடமாக இருக்காது.

பிசியோதெரபி, கலப்பு வகுப்பு நடத்துபவர்

பல துறை மாணவர்கள் சேர்ந்து உட்காரும் வகுப்பில் எல்லாருக்கும் ஒரே தாளைக் கொடுத்தா எம்.பி.பி.எஸ். பிள்ளைங்க முதலில் பேசி முடிச்சு வைச்சிடுவாங்க, மத்தவங்க தலையாட்டுவாங்க. துறைக்கு ஒரு தாள் வேணும். பக்கவாதம் வந்த தாத்தா வீடு என்றால், பிசியோவுக்கு: கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால் நாற்பதடி, இரண்டு படி, ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம், பிடிமானம் இல்லை. செவிலியருக்கு: வால் எலும்புக்கு மேல் தோல் சிவந்திருக்கு, அழுத்தினா வெளுக்கலை. சமூகப்பணிக்கு: பகலில் பார்த்துக்கொள்வது எட்டாம் வகுப்புப் பேத்தி, மூணு வாரமா பள்ளிக்கூடம் போகலை. மருத்துவத்துக்கு: பிரஷர் அளவும் மாத்திரைச் சீட்டும். நாலும் மேசைக்கு வந்தால்தான் திட்டம் உருவாகும். பேசும் வரிசையில் மருத்துவத்தைக் கடைசியில் வைங்க.

கதையைப் பழசாக விடாதீங்க என்பதும் முக்கியம். வீட்டுக்கே மாத்திரை கொண்டு வந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. அதுக்கு முன்னால் எழுதின கதைகளில் தாத்தாக்கள் இன்னமும் பிரஷர் மாத்திரைக்கு மாசா மாசம் பஸ் ஏறிட்டிருக்காங்க. காசநோயாளிக்கான ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய், பல தாள்களில் 500லேயே நிற்குது. முதியோர் உதவித்தொகை 1,000 என்று இருந்தால் அதுவும் பழசு, 2023லேயே 1,200 ஆயிடுச்சு. தொகை, உதவி எண், திட்டப் பெயர் எல்லாத்தையும் எக்செல்லில் தனிப் பக்கத்தில் வைத்தால் ஜூன் மாசம் ஒரு தடவை பார்த்தாப் போதும்.

தொடங்கியவர்

நன்றி, இதுதான் வேணும். இரண்டு கேள்வி. நிஜமா பார்த்த குடும்பத்தைப் பெயர் மாத்தி எழுதலாமா? மாமியாராக நடிக்க மாணவரையே விடலாமா?

மருத்துவ சமூகப்பணி, களப்பணி மேற்பார்வை

பெயரை மாத்தினா மட்டும் அது கற்பனை ஆகாது. ஊரில் ஒரே ஒரு டெய்லர், அவருக்கு ஒரு அபூர்வ நோய் என்றால் போஸ்டிங் போன பிள்ளை பார்த்ததும் கண்டுபிடிச்சிடும். எச்.ஐ.வி. என்றால், ஒருத்தருக்கு அது இருப்பதை வெளியே சொல்வதைத் தடுக்கும் 2017 எச்.ஐ.வி. சட்டமே குறுக்கே நிற்கும். சம்பவம் ஒரு இடத்திலிருந்து, தொழில் இன்னொரு இடத்திலிருந்து, குடும்ப அமைப்பு மூணாவது இடத்திலிருந்து எடுங்க. ஊர்ப் பேரை வருவாய்க் கிராமப் பட்டியலில் தேடிப் பாருங்க. நாம யோசிக்கிற எந்த "பட்டி"யும் எங்கேயாவது நிஜமா இருக்கும். ஏ.ஐ.யிடம் எழுதி வாங்குறவங்களும் இதைப் பார்க்கணும். அதோட, அது எழுதுற மாமியார்கள் எல்லாம் கடைசிப் பத்தியில் திருந்திடுறாங்க, அதை வெட்டுங்க.

நடிக்க மாணவர் வேண்டாம். அவங்க மாமியாரை காமெடி ஆக்கிடுவாங்க, வகுப்பு சிரிச்சு முடிச்சிடும். ஆசிரியரோ, ஓய்வு பெற்ற செவிலியரோ உட்காரட்டும். சொல்ல வேண்டியது, கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியது, எப்படிக் கேட்டாலும் சொல்லக் கூடாதது என்று மூணு பத்தி குறிப்பு கொடுத்துடுங்க. சந்திப்பு பத்து நிமிஷம், அதைப் பற்றின பேச்சு இருபது நிமிஷத்துக்குக் குறையாம.

கிராம சுகாதார செவிலியர் பயிற்சியாளர்

கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியதை வேற கலர் தாளில் அடிங்க. நடிக்கிறவங்க பதற்றத்தில் அதைத்தான் முதலில் படிச்சுடுறாங்க.